சாப்பாட்டு மணி வேலை

ஸ்கார்பரோ, கனடா,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லாரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்போ ஆயா வேலைதானாம்மா?" என்று கேட்டீர்கள். நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நெட் நன்றாகத்தான் இருந்தது, பதில்தான் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேசவும் முடியாது.

ஆமாம், கிட்டத்தட்ட ஆயா வேலைதான். மதிய இடைவேளையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே சத்துணவுக் கூடம் கிடையாது, அவரவர் டப்பா அவரவருக்கு. மூடி திறந்து கொடுப்பேன், ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன். அப்புறம்தான் உண்மையான வேலை: இருபது பேரையும் பனிக்கு உடுத்தி வெளியே அனுப்ப வேண்டும். முதலில் பனிக் கால்சட்டை, பிறகு பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கடைசியில் கையுறை. கையுறையை முதலில் மாட்டிவிட்டால் அந்தப் பிள்ளையால் ஜிப்பைப் பிடிக்கவே முடியாது. இதை நான் மூன்று நாளில் கற்றேன். எல்லாம் மாட்டி முடித்ததும் ஒருவன் "மிஸ், பாத்ரூம்" என்பான். மறுபடி கடைசியிலிருந்து கழற்ற வேண்டும்.

முதல் வாரத்தில் ஒரு தப்பு செய்தேன், உங்களிடம் சொல்லவில்லை. அம்மா அனுப்பிய கடலை மிட்டாயைக் கைப்பையில் வைத்திருந்தேன். அழுத ஒரு பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். பக்கத்திலிருந்த டீச்சர் என் கையைப் பிடித்துவிட்டார். வகுப்பில் ஒரு பையனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, துளி பட்டாலே மூச்சு முட்டிவிடுமாம். 2003-இல் இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் வாங்கிச் சாப்பிட்ட 13 வயதுப் பெண் ஒவ்வாமையில் இறந்துபோனாள். அவள் பெயரிலேயே 'சப்ரினா சட்டம்' கொண்டுவந்தார்கள், 2006 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோ பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது உண்டு. எனக்கும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி போடப் பழக்கிவிட்டார்கள். தொடையின் வெளிப்பக்கம், கால்சட்டைக்கு மேலேயே குத்தலாம், உடனே அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட வேண்டும். போலீஸ் சரிபார்ப்புச் சான்று இல்லாமல் இந்தச் சாப்பாட்டு வேலையும் கிடைக்காது. ஆயா வேலை என்று ஒரே சொல்லில் நீங்கள் முடித்தது இதற்காகவும்தான் எனக்குச் சுருக்கென்றது.

சரி, டீச்சர் வேலை ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 2013-இல் டெட் தகுதித் தேர்வில் தேறியும் வெயிட்டேஜ் மதிப்பெண்ணில் பின்தங்கி, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்தில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். இங்கே கதை வேறு. ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸில் பதிவு வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், நானே அங்கே அட்மிஷன் எப்போது என்று ஒருவரிடம் கேட்டு அசடு வழிந்தேன். வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி, ஆசிரியருக்கு அது. பதிவு செய்ய ஒரு பட்டம் வேண்டும், அதற்கு மேல் நான்கு பருவ ஆசிரியர் படிப்பு வேண்டும். அந்தப் படிப்புக்குள் குறைந்தது 80 நாள் வகுப்பறைப் பயிற்சி. அஞ்சல் வழியில் படித்த பி.ஏ.யை வைத்து விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ முடித்துப் படித்த இரண்டு வருட ஆசிரியர் பட்டயத்தை எனக்குக் கணக்கில் எடுக்கவில்லை. அதைக் கேட்ட அன்று ராத்திரி தூங்கவில்லை.

கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா, "ஏன் பிள்ளை கஷ்டப்படுறாய், ஈ.சி.ஈ. படியன்" என்கிறார். மழலையர் வகுப்பில் ஆசிரியரோடு கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கான படிப்பு அது. உங்கள் மாப்பிள்ளையும் அதையே சொல்கிறார். மோசமான யோசனை இல்லை, வேலையும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அப்பா, ஒரு பிள்ளை முதல் வரியைத் தானாகப் படிக்கும்போது நான் அதன் பக்கத்தில் டீச்சராக இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் டீச்சர் அனுமதியோடு அரை மணி நேரம் பின்னால் உட்கார்ந்து வாசிப்பு வகுப்பைப் பார்க்கிறேன். ரொம்ப நாளாக இங்கே படத்தைப் பார்த்து, முன்பின் வாக்கியத்தைப் பார்த்து வார்த்தையை ஊகிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பல பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டது என்று 2022-இல் மனித உரிமை ஆணையமே அறிக்கை கொடுத்தது. 2023-இல் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். இப்போது ஒலி ஒலியாகச் சேர்த்துப் படிக்கிறார்கள். நீங்கள் 'க்' கூட 'அ' சேர்த்து 'க' என்று மணலில் எழுத வைத்தீர்களே, அதற்குப் பக்கத்துவீட்டு முறை. என்ன, தமிழில் எழுத்து பெரும்பாலும் சொன்ன சொல் தவறாது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து வீட்டுக்கு வீடு வேறு முகம் காட்டும்.

அங்கேதான் என் வண்டவாளம் வெளிப்பட்டது. நமக்கு 'வ' ஒன்றுதான். இவர்களுக்கு இரண்டு: மேல்பல் கீழுதட்டில் படுவது ஒன்று (v), உதட்டைக் குவித்து ஊதுகிற மாதிரி சொல்வது ஒன்று (w). நான் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறேனாம். ஆறு வயதுப் பெண் ஒருத்தி தன் உதட்டைக் குவித்துக் காட்டி, "மிஸ், லுக்" என்றாள். இப்போது தினமும் பாத்திரம் கழுவும்போது குவித்துக் குவித்துப் பழகுகிறேன். இவர் பார்த்துச் சிரிக்கிறார்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காது. செயல்வழிக் கற்றல் அட்டைகளைச் 'சீட்டாட்டம்' என்று திட்டுவீர்கள் அல்லவா? இங்கேயும் தரையில் கம்பளம் போட்டு உட்கார்ந்து, நான்கு நான்கு பேராக அட்டை வைத்துத்தான் ஆடுகிறார்கள். ஆசிரியர் படிப்பு விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையில் அதைத்தான் எழுதினேன்: எங்கள் ஊரில் 2007-லிருந்து ஏணிப்படியும் அட்டையும் எல்லா அரசுப் பள்ளியிலும் வந்தன, அதில்தான் நான் பயிற்சி பெற்றேன் என்று. சீட்டாட்டம் என்று ஒரு தலைமையாசிரியர் திட்டியதையும் எழுதினேன். உங்கள் பெயர் போடவில்லை.

ஆம், செப்டம்பரில் தொடங்கும் ஆசிரியர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. இப்போது உங்களால் ஆகவேண்டியது ஒன்று. பி.ஏ. மதிப்பெண் பட்டியலை நான் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். பல்கலைக்கழகமே உறையை ஒட்டி, சீல் வைத்து, நேரே அனுப்ப வேண்டும். பணம் கட்டி நவம்பரிலேயே கேட்டேன். மூன்று முறை போன் செய்தேன், "பிராசஸில் இருக்கு" என்கிறார்கள். முழங்கால் கொஞ்சம் தேறியதும் ஒரு நடை நேரில் போய் வர முடியுமா? ரசீது நகல் இதோடு வைத்திருக்கிறேன். 32 வருட சர்வீஸில் உங்களுக்காக எந்த ஆபீஸிலும் யாரையும் கெஞ்சியதில்லை என்று தெரியும். கெஞ்ச வேண்டாம். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுங்கள், போதும்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இனிமேல் கடலை மிட்டாய் வேண்டாம், எள்ளுருண்டையும் வேண்டாம், எள்ளும் இங்கே ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. முறுக்கு அனுப்பலாம். வெள்ளை எள் போடாமல்.

அன்புடன்,
உங்கள் மகள்