எந்தப் பிசிபி?

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

"பிசிபியைத் தேடி ஒரு மாதமாக ஊர் ஊராக அலைகிறேன், இன்னும் பாதி இடம் பாக்கி" என்று நீ தொலைபேசியில் சொன்னாயே, அன்று பஸ் இரைச்சலில் எனக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். மனது கேட்கவில்லை. ஆய்வகக் கருவி ஏதோ பழுதாகி, அதற்குரிய மின்சுற்றுப் பலகை, அதாவது பிரின்டட் சர்க்யூட் போர்டு, கிடைக்காமல் நீ திண்டாடுகிறாய் என்று நினைத்துக்கொண்டு, சென்னை ரிச்சி தெருவில் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லி நான்கு விதமான பலகைகளை உனக்கு அனுப்பவைத்தேன். நீயோ டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் ஒளிந்திருக்கும் நஞ்சைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாய்! பார்சலைப் பிரித்ததும் உன் உதவியாளர்கள் சிரித்ததைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரியும் தன் பங்குக்குச் சிரித்துவிட்டாள். பலகைகளைத் திருப்பி அனுப்பாதே. தபால் செலவு அவற்றின் விலையைத் தாண்டிவிடும்.

என் மேல் முழுத் தப்பும் இல்லை. நமக்குள் பிசிபி என்ற சொல் முதன்முதலில் எந்தப் பொருளில் புழங்கியது என்று யோசித்துப் பார். விடுதியில், இரண்டாம் ஆண்டில். நான் இயற்பியல், நீ வேதியியல். தாமிரத் தகடு ஒட்டிய பலகைத் துண்டில், பக்கத்து அறைக்காரனின் தங்கைக்கு வாங்கிவைத்திருந்த நகப்பூச்சால் நான் கோடு கோடாகச் சுற்று வரைந்தேன். ஃபெரிக் குளோரைடு கொண்டுவந்தவன் நீ. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவுமில்லை, நீ சொல்லவுமில்லை. நீரில் போட்டதும் கரைசல் சூடேறியது. பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, பலகையை மிதக்கவிட்டு, தொட்டில் ஆட்டுவதுபோல் அரை மணி நேரம் ஆட்டிக்கொண்டிருந்தோம். பூச்சு இல்லாத இடத்துத் தாமிரம் மெல்ல மெல்லக் கரைந்தது. பழுப்பாயிருந்த கரைசல் பச்சையாகத் தொடங்கியபோது, "இரும்பு எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது, தாமிரம் கொடுத்துவிட்டுப் போகிறது" என்று நீ வட்டிக்கடைக்காரரைப்போல் விளக்கினாய். இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு எல்இடி. மாறிமாறிக் கண் சிமிட்டின. குளியலறைத் தரையில் விழுந்த மஞ்சள் கறை மட்டும் நாம் விடுதியைக் காலி செய்யும்வரை போகவில்லை. அந்தக் கறைக்காக நீ தனியாக அபராதம் கட்டியதை நான் மறக்கவில்லை.

ஆகவே எனக்குப் பிசிபி என்றால் அந்தப் பலகைதான். கடைத்தெருவில் அதைப் 'பிசிபி போர்டு' என்பார்கள். அந்த மூன்றாவது எழுத்தே போர்டுதான் என்று யாரும் யோசிப்பதில்லை. நடு சென்டர், கேட்டுக் கதவு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்தபின் உன் பிசிபியைப் பற்றி நான்கு நாள் உட்கார்ந்து தேடிப் படித்தேன். தப்பிருந்தால் திருத்து. பாலிகுளோரினேட்டட் பைஃபினைல். இரண்டு பென்சீன் வளையங்கள் கைகோத்து நிற்கின்றன. குளோரின் உட்காரப் பத்து இடங்கள். யார் எங்கே உட்காருவது என்பதைப் பொறுத்து 209 வகை. 1929இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அனிஸ்டன் என்ற ஊரில் வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். எளிதில் தீப்பிடிக்காது, மின்சாரத்தைக் கடத்தாது, எத்தனை ஆண்டானாலும் கெடாது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் கெப்பாசிட்டருக்கும் இதைவிட நல்ல திரவம் வேறு என்ன வேண்டும் என்று அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். கெடாது என்பதை அன்று யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை.

பிசிபி விற்பனைக்கு வந்த அரோக்ளோர் 1254 என்ற பெயருக்குப் பொருள் தெரிந்ததும் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. 12 என்பது கார்பன் அணுக்கள், 54 என்பது எடையில் குளோரினின் சதவீதம். ஒழுங்கான நிரலர் வைத்த பெயர்போல இருக்கிறது! பிறகு 1016 என்று ஒன்று வந்து அந்த விதியைக் கெடுத்துவிட்டதையும் பார்த்தேன். அதுவும் எங்கள் கணினித் துறையில் நடப்பதுதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சோரன் யென்சன் என்ற வேதியியலாளரின் கதை. ஸ்வீடனில் அவர் டிடிடி என்ற பூச்சிமருந்தைத்தான் தேடினார். கலவையில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும், உன் கருவி போன்ற ஒரு கேஸ் குரோமட்டோகிராஃப். அது வரைந்த தாளில் டிடிடியின் முகடுகளுக்குப் பக்கத்திலேயே வேறு சில முகடுகள். யாருடையவை என்று தெரியவில்லை. மீனில் இருக்கிறது, கழுகில் இருக்கிறது. பூச்சிமருந்தின் சிதைவாக இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க அவர் போன இடம் அருங்காட்சியகம். பாடம் செய்து வைத்திருந்த பழைய கழுகுகளின் இறகுகளை எடுத்துச் சோதித்தார். 1944ஆம் ஆண்டு இறகிலேயே அது இருந்தது. டிடிடி பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன்பே! அப்படியானால் இது வேறு ஆள். பிசிபி என்று 1966இல் அறிவித்தார். தன் தலைமுடியிலும் மனைவி, மகள் தலைமுடியிலும்கூடக் கண்டுபிடித்தாராம். வீட்டில் அந்தப் பேச்சை எப்படித்தான் எடுத்தாரோ.

இதில் எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்லட்டுமா? நம் இரண்டு பிசிபிகளும் அப்படியொன்றும் அந்நியர்கள் அல்ல. உன்னுடையது 1929. என்னுடையதை, வியன்னாவிலிருந்து லண்டனுக்குப் போன பால் ஐஸ்லர் என்ற பொறியாளர் 1936 வாக்கில் ஒரு வானொலிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். ஏழு ஆண்டு இடைவெளி. இரண்டும் மின்சாரத்துக்கு ஊழியம் செய்யப் பிறந்தவை, பல பழைய கருவிகளில் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தவை. கடைசியில் போய்ச் சேருவதும் ஒரே காயலான் கடைக்கு. அங்கே தாமிரத்துக்காக இதையும் அதையும் உடைப்பவர்களுக்கு மூன்றெழுத்தும் தெரியாது, விரிவும் தெரியாது.

இனி நீ அறியாத மூன்றாவது பிசிபி. நான் இருபது ஆண்டாக வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: புராசஸ் கன்ட்ரோல் பிளாக். கணினியில் ஒரே நேரத்தில் நூறு வேலைகள் நடப்பதாகத் தோன்றுகிறது அல்லவா? உண்மையில் செயலி ஒன்றைக் கொஞ்சம் செய்துவிட்டு அப்படியே வைத்து, அடுத்ததை எடுக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் நம் தையல்காரர் செய்வதுதான். பாதி தைத்த சட்டையில் ஒரு சீட்டைக் குத்தி வைப்பார்: யாருடையது, அளவு என்ன, எந்தக் கை வரை வந்திருக்கிறது. மறுபடி எடுக்கும்போது சீட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அந்தச் சீட்டுதான் என் பிசிபி. பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மூலநிரலில் இன்னும் வேடிக்கை. அங்கே செயலியின் பதிவகங்களை, அதாவது அது அந்த நேரத்தில் கையில் வைத்திருக்கும் மதிப்புகளை, சேமிக்கும் இடத்துக்கும் பிசிபி என்று பெயர்; வலையிணைப்புப் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு இணைப்பின் கணக்கையும் வைத்திருக்கும் புரோட்டோகால் கன்ட்ரோல் பிளாக்கும் பிசிபி. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர், ஒரே இனிஷியல்.

உன் வட்டாரத்திலும் நிலைமை மோசம்தான். "பிசிபிக்குப் பிசிபி அறிக்கை கொடுக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாய். முதல் பிசிபி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று பிடிபட எனக்கு இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. அடுத்த வரியில் "ஜிசி இரவெல்லாம் ஓடுகிறது" என்று வேறு! உன் கேஸ் குரோமட்டோகிராஃபைத்தான் சொல்கிறாய். எங்கள் ஊரில் ஜிசி என்றால் கார்பேஜ் கலெக்‌ஷன், கணினியின் நினைவகக் குப்பையைக் கூட்டிப் பெருக்குவது. உன் ஜிசி ஓடினால் முடிவு வரும். என் ஜிசி ஓடினால் நிரல் சற்று நேரம் திகைத்து நின்றுவிடும்.

பள்ளியில் 'மா' என்ற சொல்லுக்கு மரம், விலங்கு, பெரிய என்று பொருள் எழுதி மதிப்பெண் வாங்கினோம். அது எனக்குப் பிடிக்கும். சுருக்கெழுத்து அப்படியில்லை. அது ஒரு கூட்டத்தாருக்குள் நேரம் மிச்சப்படுத்தப் பிறந்தது. வெளியாள் ஒருவன் காதில் விழுந்தால், மிச்சம் பிடித்த நேரமெல்லாம் வட்டியோடு போய்விடுகிறது. நான்கு பலகைகளும் ஒரு கூரியர் ரசீதும் அதற்குச் சாட்சி.

இன்னொரு வழக்கு உன் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது. போன வாரம் இயங்குதளத் தேர்வில் 'பிசிபி பற்றிக் குறிப்பு வரைக' என்று கேட்டிருந்தேன். ஒரு பையன் தாமிரத் தகடு, ஃபெரிக் குளோரைடு, துளையிடுதல் என்று படத்தோடு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். ஒரு வரி தப்பில்லை. விடைக்குறிப்பின்படி பூஜ்யம். சுழித்துவிட்டுப் பேனாவை மூடினேன், மறுபடி திறந்தேன். கேள்வியில் சுருக்கத்தை மட்டும் போட்டது நான்தானே? ஐந்துக்கு எத்தனை போடலாம் என்று சொல். வெள்ளிக்கிழமைக்குள் தாள்களைக் கொடுத்தாக வேண்டும்.

எளிதில் அழியாத நஞ்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பிசிபி உள்ள கருவிகளைப் புழக்கத்திலிருந்து எடுக்கக் கொடுத்த 2025 கெடுவுக்காக நீங்கள் எல்லாரும் ஓடியதைப் படித்ததிலிருந்து என் கண் எங்கள் பரணையே சுற்றுகிறது. அப்பாவின் கடையில் எரிந்த பழைய டியூப்லைட்டுகளின் சோக்குகளும் கெப்பாசிட்டர்களும் ஒரு சாக்கு நிறைய அங்கே கிடக்கின்றன. எழுபதுகளில் வாங்கியவை. ஒன்றிரண்டில் எண்ணெய் கசிந்து சாக்கு கறுத்திருக்கிறது. கையுறை போட்டு எடுக்கலாமா, அல்லது நீ வரும்வரை ஏணியையே தொடாமல் இருக்கட்டுமா? இதற்கு மட்டும் உடனே பதில் போடு. எழுதும்போது விரிவாகவே எழுது, சுருக்கம் வேண்டாம்.

அன்புடன்,
ராசு