கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஆறு வாரம்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் திறந்த மடல்

தமிழ்நாட்டின் 25 மாநகராட்சிகளின் மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம். உங்கள் 25 ஊர்களில் ஏதோ ஒன்றில், மண்டல அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, நாளைக்கும் நான் கடை திறக்க வேண்டும் இல்லையா. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் உங்கள் அலுவலகங்களில் இன்டர்ன்ஷிப், அதாவது கூட இருந்து வேலை பழகும் பயிற்சி, கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், அப்புறம் மனு எழுதித் தருவது. உங்கள் அலுவலகத்துக்குள் நுழைபவர்களில் பாதிப் பேர் முதலில் என் கடைக்கு வருவார்கள், மீதிப் பேர் உள்ளே போய்த் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு வருவார்கள்.

போன மே மாதம் ஒரு பாட்டியும் பேத்தியும் வந்தார்கள். பேத்தி பிளஸ் ஒன் முடித்திருந்தாள். ஒன்பது வயதுத் தம்பியின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, ‘ஆண்’ என்று மட்டும் இருக்கிறது. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் கட்டணமில்லை, அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அந்தப் பாட்டிக்குத் தெரியாது. மூன்று நாள் அலைந்தார்கள். முதல் நாள் ‘திங்கட்கிழமை வாங்க’, அடுத்த நாள் ‘இந்த ஜன்னல் இல்லை’, மூன்றாம் நாள் ‘சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்’. மூன்று நாளும் பேசியது அந்தப் பெண்தான். பாட்டி பின்னால் மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு நேரம் முடியட்டும் என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் பக்கத்தில் இருந்த ஒருவர், ‘பாப்பா, இதைக் கொஞ்சம் நிரப்பித் தர்றியா’ என்று ஒரு படிவத்தை நீட்டினார். நிரப்பினாள். அப்புறம் இன்னொருவர். நான்கு மணிக்குள் ஐந்தாறு படிவம் ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து மே முழுக்க என் கடையில் வந்து உட்காரச் சொன்னேன், நாளுக்கு 200 ரூபாய். மாநகராட்சி இன்டர்ன்ஷிப் என்றால் அதுதான், என்ன, நடந்தது சாலைக்கு இந்தப் பக்கம்.

ஒரு நாள் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘அங்கிள், ஏன் மூணு இடத்துல ‘ஷெ’ன்னு போட்டிருக்காங்க? மனு கொடுத்தது லேடீஸ்ங்கறதாலயா?’ என்று கேட்டாள். மேற்படி என்பதற்கான சுருக்கம்மா அது, பழைய காலத்து எழுத்து என்று சொன்னேன். ‘அப்ப மேற்படின்னே எழுதலாமே’ என்றாள். எழுதலாம்தான். அவ்வளவு ஏன், ‘உங்கள் மனு’ என்றே எழுதலாம்.

இரண்டாவது வாரம் யாரும் சொல்லாமலே அவளாக ஒன்று செய்தாள். ரஃப் நோட்டில் கோடு கிழித்து, உள்ளே போய்த் திரும்பி வருபவர்கள் எதனால் திரும்புகிறார்கள் என்று குறிக்க ஆரம்பித்தாள். இனிஷியல் ஆதாரில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. ஒரிஜினல் கொண்டுவரவில்லை. ஜன்னல் மாறி நின்றது. இந்த மூன்றிலேயே பெரும்பாலானவை அடங்கிவிட்டன. உடனே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ‘பெயர் சேர்க்க வருபவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை’ என்று எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டாள். அந்த அட்டை இன்னமும் தொங்குகிறது, மழையில் நனைந்து ஒரு மூலை சுருண்டுவிட்டது. அதைப் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஒரிஜினலோடு வருகிறார்கள். எனக்கு வியாபாரம் கொஞ்சம் குறைந்ததுதான், அது வேறு கதை.

நான் கேட்பது இதுதான். பிளஸ் ஒன் முடித்த மாணவர்களை, முக்கியமாக அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி மாணவர்களை, கோடை விடுமுறையில் ஆறு வாரம் உங்கள் மண்டல, வார்டு அலுவலகங்களில் இன்டர்ன்ஷிப்பில் சேருங்கள். நம் வீடுகளில் அரசாங்கத்தோடு பேசுவது ஏற்கெனவே இந்தப் பிள்ளைகள்தான். ஓடிபி பார்ப்பது, படிவம் நிரப்புவது, ஜன்னலில் பதில் சொல்வது, ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, எல்லாமே. கவுன்டரின் ஒரு பக்கத்தை அவர்கள் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். மறுபக்கத்தைக் காட்டுங்கள் என்கிறேன்.

பட்டதாரிகளுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. நகராட்சிகளிலும் ஸ்மார்ட் சிட்டி அலுவலகங்களிலும் பயிற்சி பெற ஒன்றிய அரசு 2020 ஜூனில் ‘துலிப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது, அது படித்து முடித்து 18 மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு. முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் பட்டதாரிகளுக்குத்தான். பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்வது, ‘இந்தியாவின் மிகப் பழமையான மாநகராட்சி சென்னை, ஆண்டு 1688’ என்று மனப்பாடம் செய்ய வைப்பதும், நகர உள்ளாட்சிகள் பற்றிய அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தத்தைத் தேர்வில் கேட்பதும்தான். தொழிற்கல்விப் பிரிவில் ‘அலுவலக மேலாண்மையும் செயலியலும்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. கோப்பு எப்படி நகரும் என்று அதில் படிக்கிறவன், எழுத்தர் தன்னிடம் வரும் கடிதங்களைக் குறித்து வைக்கும் தன்பதிவேடு எந்த நிறத்தில் இருக்கும் என்று பார்த்திருப்பானா?

நியூயார்க் நகரம் கோடையில் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தை 1963லிருந்து நடத்துகிறது (கடையில் ஆள் இல்லாத மதியங்களில் நான் படிப்பது இதையெல்லாம்தான்). 14 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு ஆறு வாரம், நகர அலுவலகங்கள், தொண்டு நிறுவனங்கள், கடைகள் எனப் பல இடங்களில் வேலை, அதற்குக் காசு. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கலில் எடுக்கிறார்கள். குலுக்கல் என்பதால் ஆராய்ச்சியாளர்களுக்கும் வசதியாகப் போயிற்று, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிடைத்தவர்களில் சிறைக்குப் போனவர்களும் இளம் வயதில் இறந்தவர்களும் குறைவு. ஆனால் பின்னாளில் அவர்கள் சம்பளம் ஒன்றும் கூடிவிடவில்லை. சிகாகோவில் 2012 கோடையில் 1,634 மாணவர்களை வைத்து இதே மாதிரி பார்த்ததில், எட்டு வாரம் வேலை கிடைத்தவர்கள் வன்முறை வழக்குகளில் கைதாவது அடுத்த 16 மாதங்களில் 43 சதவீதம் குறைந்திருந்தது. நம் ஊர் வேறு, அந்த ஊர் வேறு, துப்பாக்கிச் சத்தம் கேட்கும் தெருக்களில் வளரும் பிள்ளைகள் அவர்கள். ஆனால் ஒன்று தெரிகிறது, இதை ‘வேலைவாய்ப்புத் திட்டம்’ என்று விற்காதீர்கள். ஆறு வாரம் ஃபைலைத் தூக்கினால் ஐஏஎஸ் ஆகிவிடலாம் என்று போஸ்டர் அடித்தால் முதல் வருடத்திலேயே சாயம் வெளுத்துவிடும்.

என்ன வேலை கொடுப்பது என்று கேட்பீர்கள். தயவுசெய்து ஜெராக்ஸ் எடுக்க அனுப்பாதீர்கள். அனுப்பினால் என் கடைக்குத்தான் வருவார்கள், எனக்கு லாபம், இருந்தாலும் வேண்டாம். டீ வாங்கவும் வேண்டாம். விழாவில் வரவேற்புப் பலகை பிடித்து நிற்கவும் வேண்டாம்.

மே மாதத்தில் செய்தால்தான் பலன் தரும் வேலை ஒன்று சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். நடுவில் நான்கு மாதம் இருக்கிறது. தெருவில் மழைநீர் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்க ஓரத்தில் வாய் வைத்திருப்பீர்கள் இல்லையா, அந்த ஒவ்வொரு வாயும் திறந்திருக்கிறதா, மண் மூடியிருக்கிறதா, தார் போட்டபோது அதன் மேலேயே போட்டுவிட்டார்களா என்று ஒரு வார்டு முழுக்க நடந்து பார்த்து, போனில் படம் எடுத்து, வரைபடத்தில் புள்ளி வைக்க இரண்டு பேருக்கு இரண்டு வாரம் போதும். எந்தத் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீட்டு வாசற்படி சாலைக்குக் கீழே போயிருக்கிறது என்பதையும் குறிக்கலாம். வார்டின் உதவிப் பொறியாளருக்கு (ஏ.இ.) இதெல்லாம் தெரியும், ஆனால் அவர் ஒருவர், அவருக்கு டெண்டர், அளவுப் புத்தகம், கவுன்சிலர் போன் என்று ஆயிரம். பிள்ளைகளின் வரைபடத்தை அந்த வார்டு மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் அவர்களையே காட்டச் சொல்லுங்கள். கேட்பவர்கள் அதே தெருக்காரர்கள், தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

இன்னொன்று, முடிந்ததாகக் கணக்கு காட்டப்பட்ட புகார்கள். எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தேன், மூன்றாம் நாள் ‘தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. அதை நான் படித்ததே அந்தக் கம்பத்தின் கீழே இருட்டில் நின்றுகொண்டுதான். ஒரு மாணவனுக்கு நாளுக்கு இருபது எண்கள் கொடுத்து, ‘உங்கள் புகார் நிஜமாகவே முடிந்ததா’ என்று அலுவலகத் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். யார் வேலை செய்கிறார்கள், யார் குறுஞ்செய்தி மட்டும் அனுப்புகிறார்கள் என்பது ஒரே வாரத்தில் உங்கள் மேஜைக்கு வந்துவிடும். சிலருக்குக் கசக்கும். மூன்றாவது, உங்கள் படிவங்களையும் அறிவிப்புகளையும் பாட்டிக்குப் புரியும் தமிழில் திருப்பி எழுதுவது. அதற்கு எங்கள் காலண்டர் அட்டைக்காரி ஒருத்தி போதும்.

சம்பளம் கொடுங்கள். இதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். அரசுப் பள்ளிப் பையன்கள் நிறையப் பேர் மே மாதம் சும்மா இருப்பதில்லை. முகூர்த்த நாளில் மண்டபத்துக்குப் பரிமாறப் போகிறார்கள், துணிக்கடையில் நிற்கிறார்கள், பட்டறையில் மாமாவுக்குக் கையாளாகப் போகிறார்கள், அந்தக் காசில்தான் ஜூனில் ஷூவும் நோட்டும் வாங்குகிறார்கள். ‘சான்றிதழ் தருகிறோம்’ என்று மட்டும் சொன்னால் அந்தக் காசை விட்டுவிட்டு வர முடிந்தவர்கள்தான் வருவார்கள். அது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்கே தெரியும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் நேராகக் கல்லூரி மாணவர் கணக்குக்குப் போகிறது, ஆக வழி தெரியாத ஊர் இல்லை இது.

அதேபோல் குலுக்கல். விண்ணப்பம் வாங்கி மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏற்கெனவே ஓடுகிறவனுக்குத்தான் கிடைக்கும், சிபாரிசு என்றால் கேட்கவே வேண்டாம், கவுன்சிலரின் மச்சினன் மகள் முதல் பெயராக இருப்பாள். நமக்குக் குலுக்கல் புதிதா என்ன? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுக்கக் குடவோலை போட்டார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை அது, மேடையில் சொல்கிற மாதிரி எல்லாருக்குமான ஜனநாயகம் ஒன்றும் இல்லை. ஆனால் குடத்திலிருந்து ஓலையை எடுத்துத் தர ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டார்கள், விவரம் தெரியாத பிள்ளைக்கு ஓரவஞ்சனை இருக்காது என்பதால். பிள்ளைகளுக்கு ஊர் நிர்வாகத்தில் அந்த ஒரு வேலையாவது இருந்தது.

கவனமாக இருக்க வேண்டியவையும் உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் பத்து மணிக்கு மேல் யாரையும் தெருவில் இறக்காதீர்கள், காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் போதும், தூய்மைப் பணியாளர்கள் அதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். எப்போதும் இரண்டிரண்டு பேராக, பெண் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பொறுப்புக்கு ஒரு பெண் அலுவலர். பூட்டிக்கொள்ளக் கதவுள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை. இது இல்லாத அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள், ஊழியர்களுக்கும் அதனால் ஒன்று கிடைத்தால் நல்லதுதான். ஆதார் நகல்கள் இருக்கும் கட்டுகளை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் பிள்ளைகளை வைத்து ஓட்டலாம் என்று யாராவது நினைத்தால் ஊழியர் சங்கம் கொடி பிடிக்கும், பிடிக்கத்தான் வேண்டும்.

பெற்றோர் அனுப்புவார்களா, நீட் கோச்சிங் இருக்கிறதே என்பீர்கள். சிலர் அனுப்பமாட்டார்கள், அனுப்பாமல் இருக்கட்டும். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26லிருந்து இல்லை, அந்த மட்டில் மூச்சு விட இடம் இருக்கிறது. பள்ளிகள் மே மாதத்திலேயே பிளஸ் டூ பாடம் நடத்தத் தொடங்கிவிடுகின்றனவே, அதைப் பற்றிக் கல்வித்துறையிடம் பேச வேண்டியது நீங்கள், நான் பேசினால் யார் கேட்பார்கள்.

25 ஊரிலும் ஒரே நேரத்தில் வேண்டாம். ஒரு ஊர், ஒரு மண்டலம், இருபது பிள்ளைகள். ஜனவரியில் மன்றத்தில் தீர்மானம் வைத்தால்தான் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கி மே மாதத்துக்குள் தயாராக முடியும், மார்ச்சில் யோசித்தால் அடுத்த வருடம் என்று ஆகிவிடும். விண்ணப்பப் படிவத்தை ஒரே பக்கத்தில் அடக்குங்கள், ‘ஷெ’ போடாதீர்கள். எப்படியும் அதை நகல் எடுக்க என் கடைக்குத்தான் வருவார்கள், அந்தப் படிவத்துக்கு மட்டும் நான் யாரிடமும் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
எதிர்க்கடைக்காரன்