ஜெயிக்கக்கூடியவர் யார்: ரகுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரகு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. வீட்டுச் சேதிகளைத் தனியாக எழுதுகிறேன். நீ கிளப்பிவிட்டிருக்கும் சண்டைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன், ஜூன் வாக்கில், குடியரசுக் கட்சியின் டிரம்பை எதிர்த்து சாண்டர்ஸ் கருத்துக்கணிப்புகளில் சராசரியாக 10 புள்ளி முன்னால் இருந்தார், ஹிலாரி கிளின்டனுக்கு அதில் பாதிகூட இல்லை, அதனால் ஜனநாயகக் கட்சி தப்பான ஆளை நிறுத்தியது என்கிறாய். அடுத்த பத்தியிலேயே, 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸும் சியனா கல்லூரியும் எடுத்த ஆறு மாநிலக் கணிப்பு 2020 தேர்தலுக்கு ஓராண்டு முந்தையது, அதனால் செல்லாது என்கிறாய். உனக்குச் சாதகமானது சாட்சி, மற்றது குப்பை! இரண்டையும் ஒரே கண்ணோடு பார்ப்போம்.

முதலில் அந்த 10 புள்ளி. அந்த வசந்தகாலம் முழுக்கக் குடியரசுக் கட்சியின் அடி விழுந்தது கிளின்டன் மேல். சாண்டர்ஸை அவர்கள் பெரிதாகத் தொடவே இல்லை. குடியரசுக் கட்சிப் பக்கம் டிரம்போடு போட்டியிட்ட கேசிக்குக்கும் இதே கதைதான். கிளின்டனை எதிர்த்து டிரம்பைவிட எவ்வளவோ நல்ல எண்கள் அவருக்கு வந்தன. ஆனால் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், அவர் ஜெயித்தது சொந்த மாநிலமான ஒஹாயோ ஒன்றில்தான். அடி வாங்காத வேட்பாளரின் முன்னிலையை அப்படியே நவம்பருக்குக் கொண்டுபோக முடியாது. 1988 ஜூலையில் கட்சி மாநாடு முடிந்த கையோடு காலப் நிறுவனத்தின் கணிப்பில் ஜனநாயகக் கட்சியின் டுகாகிஸ் புஷ்ஷைவிட 17 புள்ளி முன்னால் இருந்தார். நவம்பரில் ஏறக்குறைய 8 புள்ளியில் தோற்றார்.

'அப்படியானால் ஓராண்டு முந்தைய கணிப்பும் குப்பைதானே' என்பாய். யார் ஜெயிப்பார் என்று கேட்டால் குப்பைதான். இருவரில் யார் கூடுதலாக வாங்குவார் என்று கேட்டால், கொஞ்சம் பயன் உண்டு. பிரைமரிக்காரர்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான், ஆனால் எல்லோரும் முதல் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

கணக்கைப் பார். 600 பேரிடம் கேட்டால் ஒருவருடைய சதவீதத்துக்குப் பிழை வரம்பு, அதாவது நிஜ எண் மேலோ கீழோ விலகியிருக்கக்கூடிய அளவு, சுமார் 4 புள்ளி. எடையிட்டுச் சரிசெய்தபின் (ஒவ்வொரு பிரிவின் பதிலையும் மக்கள்தொகையில் அதற்குள்ள பங்குக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்தபின்) இன்னும் கொஞ்சம் கூடும். முன்னிலைக்கு, அதாவது இருவரின் வித்தியாசத்துக்கு, ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே ஒரு மாநிலத்தில் 3 புள்ளி முன்னிலை என்பது சமநிலை மாதிரிதான். வெவ்வேறு 600 பேரிடம் எடுத்த இரண்டு கணிப்புகளை வைத்து, 2020க்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட பைடன், வாரன் இருவரின் சதவீதத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசத்தின் பிழை 5.7 வரை போகும். ஆனால் அதே 600 பேரிடம் பைடனா டிரம்பா, வாரனா டிரம்பா என்று இரு ஜோடியையும் கேட்டிருந்தால் கதை வேறு. பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்வார்கள். 6 சதவீதம் பேர் பைடனுக்கு மட்டும், 2 சதவீதம் பேர் வாரனுக்கு மட்டும் என்றால், வித்தியாசம் 4 புள்ளி, பிழை வரம்பு வெறும் 2.2. தராசு கோணலாகவே இருந்தாலும் இரண்டு மூட்டையையும் அதே தராசில் வைத்தால் எது கனம் என்று தெரிந்துவிடும்.

கோணல் நிஜமாகவே இருந்தது. 2016இல் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கு எடையிடவில்லை. பட்டதாரிகள்தான் கணிப்புக்காரர்களிடம் அதிகம் பேசுவார்கள், அந்த ஆண்டு அவர்கள் கிளின்டன் பக்கம் சாய்ந்திருந்தார்கள். விஸ்கான்சின் சராசரி கிளின்டனுக்கு 6.5 முன்னிலை காட்டியது, டிரம்ப் 0.8இல் ஜெயித்தார். 2020இல் பலர் அதைச் சரிசெய்தார்கள். இருந்தும் அங்கே பைடனின் சராசரி முன்னிலை 8.4, முடிவு 0.6. இப்படிப்பட்ட பிழை பைடன், சாண்டர்ஸ், வாரன் மூவரையும் ஒரே பக்கமாகத் தூக்கிக் காட்டியிருக்கும். முன்னிலையை நம்பாதே, மூவருக்கும் இடையிலான இடைவெளியைப் பார் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது அந்த நவம்பர் கணிப்பு. மிச்சிகனில் பதிவு செய்த வாக்காளர் 501 பேர். பைடன், டிரம்ப் இருவரும் 45. சாண்டர்ஸ் டிரம்பைவிட 2 புள்ளி முன்னால். வாரன் 39, டிரம்ப் 45. தலைப்பை மட்டும் படித்தவர்கள் வாரன் 6 புள்ளியில் தோற்கிறார் என்றார்கள். டிரம்பின் எண்ணைப் பார்: பைடனை எதிர்த்தும் 45, வாரனை எதிர்த்தும் 45. வாரன் இழந்த 6 டிரம்பிடம் போகவில்லை, 'தெரியாது', 'வேறு யாராவது', 'போட மாட்டேன்' என்ற பெட்டிகளில் கிடக்கிறது. அவர்களில் பலர் நவம்பரில் திரும்பி வரக்கூடியவர்கள். எதிராளியின் எண் ஏறினால்தான் உண்மையான கவலை: ஒரு வாக்கு மாறினால் வித்தியாசம் 2 கூடும், வீட்டில் உட்கார்ந்தால் 1தான். அதிகம் அறியப்படாத வேட்பாளருக்கும் இப்படித்தான் ஆகும். அவருடைய எண் மட்டும் தாழும், எதிராளி நகர மாட்டார்.

பைடனுக்குப் போடுவேன், வாரனுக்கு மாட்டேன் என்றவர்கள் அந்த ஆறு மாநிலங்களிலும் சேர்த்து சுமார் 6 சதவீதம். 3,766 பேரில் இருநூற்றுச் சொச்சம் பேர். அவர்களுக்குள் எத்தனை பேர் இப்படி, எத்தனை பேர் அப்படி என்று பிரிக்கத் தொடங்கினால் பிழை வரம்பு 6.5. அதன் மேல் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. நான் அதிலிருந்து ஒரு வரிக்கு மேல் எடுக்க மாட்டேன்.

ஒரே ஆளிடம் எல்லா ஜோடியையும் கேட்பதிலும் ஒரு கேடு உண்டு. சாண்டர்ஸ் ஆதரவாளரிடம் முதலில் சாண்டர்ஸ், பிறகு பைடன் என்று கேட்டால், கோபத்தில் 'பைடனுக்குப் போட மாட்டேன்' என்பார். அது பிரைமரிப் பேச்சு. இதைத் தவிர்க்கத்தான் 2020 தொடக்கத்தில் அரசியல் ஆய்வாளர்கள் டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் 40,000 பேருக்கு மேல் எடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு ஜோடியை மட்டும் கேட்டார்கள். ஜோடியின் சௌகரியத்தை விட்டுவிட்டால் அத்தனை பேர் தேவைப்படத்தான் செய்யும்.

உனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். அவர்களுடைய ஆய்வின் மொத்த எண்ணில் சாண்டர்ஸ், பைடன் போன்ற மிதவாத வேட்பாளர்களுக்கு ஏறக்குறைய சமம். உள்ளே போனால், அவர் நிற்கும்போது நடுவில் இருப்பவர்களில் சிலர் டிரம்ப் பக்கம் போகிறார்கள், மற்றவர் நின்றால் போட மாட்டேன் என்ற இளைஞர்கள் வந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். நிஜத்தில் அது நிரம்ப வேண்டுமானால் இளைஞர் வாக்குப்பதிவு 11 புள்ளி ஏற வேண்டும் என்று கணக்கிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பைடன் நின்ற 2020இலேயே 18 முதல் 29 வயதினரின் வாக்குப்பதிவு 39இலிருந்து 50 சதவீதமாக, அதே 11 புள்ளி, ஏறியதாக டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் சர்க்கிள் மையம் மதிப்பிட்டது. எல்லா வயதிலும் வாக்குப்பதிவு ஏறிய ஆண்டு அது. எதிரே டிரம்ப் நின்றதே போதுமாக இருந்தது போல. 'என் வேட்பாளர்தான் புது வாக்காளரைக் கொண்டுவருவார்' என்ற வாதத்தை எந்தக் கணிப்பாலும் சரிபார்க்க முடியாது. வராதவர் 'வருவேன்' என்று சொல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லையே.

தேசிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவதையும் நிறுத்து. 2016இல் கிளின்டன் நாடு முழுக்க 2.1 புள்ளி முன்னால், தோற்றார். 2020இல் பைடன் 4.5 முன்னால், ஆனால் மாநிலவாரியாக எண்ணும் தேர்வர் வாக்குகளில் வெற்றிக்குத் தேவையான 270ஐத் தாண்டவைத்த விஸ்கான்சினில் 0.6தான், 20,682 வாக்கு. கலிபோர்னியாவில் கூடுதலாக அள்ளும் வேட்பாளர் தேசிய எண்ணில் அழகாகத் தெரிவார், அவ்வளவுதான்.

'ஜெயிக்கக்கூடியவர்' என்ற பெயர் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும், கரைத்தும்விடும். 2020இல் முதலில் வாக்களித்த மாநிலங்களில் பைடன், அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. டிரம்பை எதிர்த்த அவர் எண்கள் பெரிதாக மாறவில்லை, ஆனாலும் கட்சிக்காரர்கள் கைவிடத் தொடங்கினார்கள். பிப்ரவரி 29இல் தென் கரோலினாவில் 48.6 சதவீதம் வாங்கியதும் மூன்று நாளில் எல்லாம் தலைகீழ். 2008இல் ஒபாமாவுக்கும் ஜனவரி 3 அயோவா வெற்றிதான் திருப்புமுனை. வெள்ளையர்கள் அவருக்குப் போடுவார்களா என்று தயங்கிய தென் கரோலினா கறுப்பின வாக்காளர்கள் அதைக் கண்ணால் பார்த்தபின்தான் மொத்தமாக வந்தார்கள்: அந்த மாநிலத்தின் முடிவு ஒபாமாவுக்கு 55, கிளின்டனுக்கு 27. வாரனுக்கு அப்படி ஒரு அயோவா வாய்க்கவில்லை. பெண் ஜெயிக்க மாட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைப்பதாக ஒவ்வொருவரும் நினைத்ததில் அவர் எத்தனை வாக்கு இழந்தார் என்பதை ஜோடிக் கேள்வி அளக்காது.

அடுத்த முறை படத்தை மட்டும் வெட்டி அனுப்பாதே, கேள்வித்தாளோடு இருக்கும் பிடிஎஃபை அனுப்பு. ஒரே ஆளிடம் எல்லா ஜோடியையும் கேட்டார்களா, வரிசையை மாற்றி மாற்றிக் கேட்டார்களா, கல்விக்கு எடையிட்டார்களா, முடிவு செய்யாதவர்களில் எத்தனை பேர் கட்சிக்காரர்கள், இவற்றைப் பார்த்துவிட்டு எழுது. சாண்டர்ஸ் பற்றி அப்புறமும் சண்டை போடலாம்.

அன்புடன்,
சீனு