முக்கோண ஸ்கேலுடன் வந்த தவறான அளவுத் தாள் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முக்கோண ஸ்கேலின் செய்முறைத் தாளைத் திருத்தவும், வீணான துணிக்கு ஈடு தரவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) பிளாக்குகளுக்கு, அதாவது அதன் சதுரக் கட்டங்களுக்கு, முக்கோணம் வெட்டுவதற்காக, முனை மழுங்கிய உங்கள் 45 டிகிரி ஸ்கேலை வாங்கினேன். ஸ்கேலில் எந்தக் குறையும் இல்லை. அக்ரிலிக் தெளிவாக இருக்கிறது, கோடுகள் நேராக இருக்கின்றன. குறையெல்லாம் அதோடு வந்த செய்முறைத் தாளில்தான். அந்தத் தாள் இந்த ஸ்கேலுக்கு உரியதே அல்ல.

இரண்டு முக்கோணங்களைச் சேர்த்தால் ஒரு சதுரம். குயில்ட்டில் சேர்த்துத் தைத்து முடித்த பிறகு அந்தச் சதுரம் என்ன அளவில் வேண்டுமோ அதோடு 7/8 அங்குலம் கூட்டித் துணிப்பட்டை வெட்டி, அதில் ஸ்கேலை வைத்து முக்கோணம் வெட்டச் சொல்கிறது தாள். சதுரமாக வெட்டி, அதை மூலைக்கு மூலை இரண்டாக்கும் முறைக்குத்தான் 7/8 கணக்கு. அதில் முக்கோணத்தின் கூர்முனைகள் முழுதாக இருக்கும். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விடும்போது அந்த முனைகள் நீண்டுவிடுவதால் அவ்வளவு கூட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் ஸ்கேலில் முனை ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. தைத்த பின் துருத்தி நிற்கும் துணுக்குகளை நறுக்கும் வேலை மிச்சம் என்று உறையிலும் போட்டிருக்கிறீர்கள். முனையில் போன 3/8 அங்குலத்தைக் கழித்தால், கூட்ட வேண்டியது அரை அங்குலம் மட்டுமே. குயில்ட்டில் தைத்து முடித்த பின் 3 அங்குலம் வர வேண்டிய சதுரத்துக்கு மூன்றரை அங்குலப் பட்டை போதும். தாள் கேட்பதோ 3 7/8 அங்குலம்.

3/8 அங்குலம்தானே என்று விட முடியாது. ஒரு வரிசையில் 8 சதுரங்கள் வந்தால் வரிசையே 3 அங்குலம் நீண்டுவிடும். பக்கத்தில் மூன்றரை அங்குலத்துக்குச் சரியாக வெட்டி வைத்த வெற்றுச் சதுரங்களோடு எந்தத் தையலும் சேராது. தைத்த ஒவ்வொரு சதுரத்தையும், தையல்கோடு மூலையில் விழும்படி வைத்து ஓரம் சீவி அளவுக்குக் கொண்டுவந்தேன். இந்தச் சீவல் வேலை வேண்டாம் என்றுதானே தனி ஸ்கேல் வாங்குகிறோம்? பட்டைகள் அகலமாகப் போனதில் ஒரு நிறத் துணி பாதியிலேயே தீர்ந்தும் விட்டது. அதே சாயத்தில் அந்தத் துணி இனிக் கிடைக்கவில்லை.

இதை எழுதிக் கேட்டபோது, "உங்கள் கால் அங்குலத் தையல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்" என்று உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பதில் என்னை மிகவும் வருத்தியது, ஏனென்றால் கணக்குப் போட்டவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். சரியான அளவில் வெட்டிய இரண்டு முக்கோணங்களிலிருந்து 3/8 அங்குலம் பெரிய சதுரம் வர வேண்டுமானால், தையலுக்குத் துணியே விடாமல் ஓரத்தோடு ஓரம் ஒட்ட வேண்டும். அப்படி யாராலும் தைக்க முடியாது. அதே ஸ்கேல், அதே மெஷின், பட்டையை மட்டும் மூன்றரை அங்குலமாக்கித் தைத்துப் பார்த்தேன். சதுரம் கச்சிதமாக மூன்றரை அங்குலம் வந்தது; சுற்றிலும் கால் அங்குலம் தையலில் போனால் 3 அங்குலம்.

அப்புறம், தாளின் பின்பக்கத்தில் இன்னொரு தவறு இருக்கிறது. பிளாக்குகளைச் சாய்வாக அடுக்கும் குயில்ட்டில், பக்கவாட்டு இடைவெளிகளை நிரப்பும் முக்கோணங்களையும் இதே ஸ்கேலில் இதே முறையில் வெட்டச் சொல்கிறீர்கள். இப்படி வெட்டினால் இரண்டு குட்டைப் பக்கங்கள் துணியின் நேர் இழையிலும், நீளப் பக்கம் கிராஸிலும் (இழைக்குச் சாய்வாக) அமையும். அந்த நீளப் பக்கம்தான் குயில்ட்டின் வெளி ஓரமாகிறது. கிராஸ் ஓரம் கையில் எடுத்தாலே இழுபடும். குயில்ட் முழுக்க அலை அலையாக நிற்கும். அந்த இடத்துக்கு நீளப் பக்கம் நேர் இழையில் இருக்க வேண்டும். முடிந்த நீளப் பக்கத்தோடு ஒன்றேகால் அங்குலம் கூட்டிச் சதுரம் வெட்டி, இரண்டு மூலைக்கோட்டிலும் நான்காக்கினால் அது கிடைக்கும். வெட்டுவதற்கு முன்பே இதைக் கவனித்துவிட்டதால் அந்தத் துணி தப்பியது. புதிதாகக் கற்பவர்கள் தாளை நம்பித்தான் வெட்டுவார்கள். கோணல் வந்தால் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைப்பார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்கேலைத் திருப்பி அனுப்ப எனக்கு விருப்பமில்லை, அது நல்ல ஸ்கேல். வீணான துணியின் விலையைத் தாருங்கள். திருத்திய தாளை அச்சிட்டு, கடைகளில் விற்காமல் இருக்கும் உறைகளில் மாற்றி வையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அறிவியுங்கள். ஸ்கேலில் அச்சான எண் பட்டையின் அகலத்தைக் குறிக்கிறதா, முடிந்த அளவையா என்பதையும் புதிய தாளில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பில் நகல், உங்கள் தாளின் இரு பக்க நகல், இரண்டு அளவிலும் தைத்த மாதிரிச் சதுரங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். அளந்து பார்த்துவிட்டு 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்