மார்கழி முதல் நாள், வாழையிலையில் ஒரு பிபிங்கா

லாஸ் பான்யோஸ், பிலிப்பைன்ஸ்,
மார்கழி 14.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் அப்பாயியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பிபிங்கா என்கிற இந்த ஊர் அரிசிப் பலகாரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதுமே, "வாயால சொன்னா எனக்கு நிக்காதுடி, எழுதி அனுப்பு" என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம். பக்குவம் மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் "அங்க என்னத்தடி சாப்புடுற?" என்று நீ கேட்கும்போது உன் குரல் கம்முகிறதே, அதற்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

மார்கழி பிறந்த அன்று விடிகாலை மூன்றரை மணிக்கு வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். அவரை நான் நானாய் என்றுதான் கூப்பிடுகிறேன். இவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் இங்கே மாதா கோயிலில் விடியற்காலைப் பூசை உண்டு. சிம்பாங் கபி என்கிறார்கள். நமக்கு மார்கழி பிறந்த அதே நாளில் இவர்களுக்கு இது தொடங்குகிறது, பார்த்தாயா? தெருவெல்லாம் காகிதத்திலும் சிப்பியிலும் செய்த நட்சத்திர விளக்குகள். மக்கிலிங் மலைப் பக்கமிருந்து ஈரக்காற்று. போர்த்திக்கொண்டு தூக்கக் கலக்கத்தோடு நடக்கிற பாட்டிகள், தோளில் தூங்குகிற பிள்ளைகள். நம்ம தெருவில் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் மாதிரியே இருந்தது. திருப்பாவை மட்டும் கேட்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஒரே புகை. வரிசையாக அடுப்புகள். ஒவ்வொரு அடுப்பிலும் அகலமான மண்சட்டி. அதற்குள் வாட்டிய வாழையிலை. ஒரு அக்கா மாவை ஊற்றி, தகரத் தட்டால் மூடி, அந்தத் தட்டின் மேல் தணலை அள்ளிப் போட்டார். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. கொஞ்ச நேரம் கழித்து இடுக்கியால் தட்டைத் தூக்கினார். மாவு உப்பி, ஓரத்தில் இலை கருகி, நடுவில் அங்கங்கே பொன்னிறமாக வெந்திருந்தது. அதன் மேல் உப்பு போட்டு வைத்த வாத்து முட்டையை வில்லை வில்லையாக அடுக்கி, வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, ஒரு பிடி தேங்காய்த் துருவலை வைத்து இலையோடு கையில் கொடுத்தார்.

அம்மா, அது ஆப்பத்துக்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு பண்டம். கருகின வாழையிலையின் மணம் முதலில் வந்தது, அப்புறம் தேங்காய்ப்பால், அப்புறம் அந்த முட்டையின் உப்பு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தொன்னையில் சூடான வெண்பொங்கலை வாங்கிக்கொண்டு, சூடு பொறுக்காமல் முந்தானையால் பிடித்தபடி நீ எனக்கு ஊதி ஊதிக் கொடுப்பாயே, அதுதான் நினைவுக்கு வந்தது. ஏன் பேசாமல் நிற்கிறாய் என்று நானாய் கேட்டார். எங்கள் ஊரிலும் இன்றைக்குத்தான் ஆரம்பம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொன்று வாங்கிக் கையில் திணித்தார். முட்டை சேர்ந்த பண்டம்தான். மார்கழிக் கட்டுப்பாட்டை இங்கே நான் வைத்துக்கொள்ளவில்லை, உன்னிடம் மறைக்க மனசில்லை.

சரி, பக்குவத்துக்கு வருகிறேன். முதல் தடவை கடையில் வாங்கின காய்ந்த அரிசிமாவில் செய்தேன். வெந்தது, ஆனால் விண்டால் உதிர்ந்தது. இலையையும் நான் சரியாக வாட்டவில்லை. மடிக்கும்போதே கீறி, மாவு கீழே ஒழுகி ஓவனுக்குள் கருகிவிட்டது. நானாய் வந்து பார்த்துவிட்டு, அரிசியை ஊறப்போடு என்று மட்டும் சொன்னார். ஊறவைத்து அரைத்த ஈரமாவுக்கு இவர்கள் காலபோங் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆக, இட்லிக்கு அரைக்கிற கைக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

பச்சரிசியை ராத்திரியே ஊறப்போடு. புது அரிசி வேண்டாம். இங்கேயும் லாஒன் என்று பழைய அரிசியைத்தான் தேடி வாங்குகிறார்கள். காலையில் தண்ணீர் அதிகம் விடாமல் நைசாக, கெட்டியாக அரைத்துக்கொள். அந்த மாவு இரண்டு கப் என்றால் மூன்று முட்டை, முக்கால் கப் சர்க்கரை, முக்கால் கப் தேங்காயின் முதல் பால், உருக்கின வெண்ணெய் மூன்று கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டரைச் சின்னக் கரண்டி பேக்கிங் பவுடர். முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக அடித்த பிறகு மற்றதைச் சேர். அந்தக் காலத்தில் பேக்கிங் பவுடர் ஏது? தென்னங்கள்ளை விட்டுத்தான் மாவைப் பொங்க வைத்திருக்கிறார்கள். ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றுவார்கள் என்று அப்பாயி சொல்லுமே, அதேதான். இலையைத் தணலுக்கு மேல் இப்படியும் அப்படியும் காட்டு. மங்கலாக இருக்கிற பச்சை சட்டென்று மினுமினுக்கும். அந்த நொடியில் எடுத்துவிட்டால் இலை துணி மாதிரி மடியும், கீறாது.

நான் ஓவனில் 190 டிகிரியில் இருபது நிமிஷம் வைக்கிறேன். பாதிக்கு மேல் வெந்ததும் முட்டை வில்லைகளை வைத்து, மேல் நெருப்பை மட்டும் போட்டுச் சிவக்க விடுகிறேன். உனக்கு ஓவன் வேண்டியதே இல்லை. கொல்லை அடுப்பில் மண்சட்டியை வைத்து, பழைய தோசைக்கல்லால் மூடி மேலே தணலைப் போடு. என்னுடையதைவிட உன்னுடையதுதான் நன்றாக வரும், எனக்குத் தெரியும். உப்பு முட்டைக்கு எங்கே போவது என்று யோசிக்காதே. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருவார்கள் இல்லையா, அவர்களிடம் முட்டை வாங்கி, களிமண்ணும் உப்பும் சமமாகப் பிசைந்து மேலே பூசி, இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்து கழுவி வேகவைத்தால் ஆயிற்று. இங்கே சாதா முட்டையோடு கலந்துவிடாமல் இருக்க ஓட்டுக்குச் சிவப்புச் சாயம் போட்டு விற்கிறார்கள். நீ மார்கழியில் முட்டை தொடமாட்டாய். தை பிறந்த பிறகு செய்து பார்.

அன்றைக்குப் பக்கத்துக் கடையில் இன்னொன்றும் பார்த்தேன். மூங்கில் குழாயில் கருஞ்சிவப்பாக மாவை அடைத்து ஆவியில் வேகவைத்துத் தட்டி எடுக்கிறார்கள். பேர் புத்தோ பும்போங். நாகர்கோவில் சித்தி வீட்டுக் குழாய்ப்புட்டேதான். நாம் புட்டு என்கிறோம், இவர்கள் புத்தோ என்கிறார்கள். பிருருத்தோங் என்று ஒரு கறுப்பு ஒட்டரிசி, அதுதான் அந்த நிறத்தைத் தருகிறது. இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. பல கடைகளில் வெறும் சாயத்தைக் கலந்துவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. காரைக்குடி அத்தை வீட்டுக் கல்யாணத்தில் கவுனரிசி சாப்பிட்டோமே, அதை வைத்து இதைச் செய்தால் எப்படி வரும் என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

அப்பாவிடம் இதைச் சொல்லு. நாம் நெல், அரிசி, சோறு என்று மூன்று பேர் வைத்திருக்கிற மாதிரியே இவர்களும் பலாய், பிகாஸ், கானின் என்று மூன்று பேர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'ரைஸ்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிற ஜனங்கள் இல்லை. கானினிலிருந்துதான் காகனின் என்ற வார்த்தை வருகிறது, அரிசிப் பலகாரம் அத்தனைக்கும் பொதுப்பேர். வெந்ததும் தண்ணீரில் தானே மிதந்து மேலே வருகிற தட்டைக் கொழுக்கட்டை ஒன்று உண்டு. எள்ளுச் சர்க்கரையிலும் தேங்காயிலும் புரட்டித் தருவார்கள். பாலித்தாவ் என்று பேர். தேங்காய்ப்பாலில் உருண்டை போட்டுக் காய்ச்சுவது அப்படியே நம்ம பால்கொழுக்கட்டை, கூடக் கிழங்கும் வாழைப்பழமும் மிதக்கும்.

என் வேலையே இதுதானே. சோறு ஆறும்போது எந்த அரிசி விறைக்கிறது, எது ஒட்டுகிறது, ஏன் என்று பார்ப்பது. ஐ.ஆர்.எட்டு சோறு ஆறினால் கல்லாகிவிடும் என்று தாத்தா திட்டுவாராமே? 1966-இல் அந்த நெல்லை வெளியிட்டது நான் வேலை பார்க்கிற இந்தச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம்தான். அதில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம், அதனால்தான் அப்படி விறைத்தது. ஒட்டரிசியில் அது அநேகமாக இல்லவே இல்லை. தாத்தா நாக்கால் கண்டுபிடித்ததைத்தான் நான் கருவியில் அளக்கிறேன். நம்ம கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன் ஐயா 1982 முதல் 1988 வரை இங்கே தலைமை இயக்குநராக இருந்தார். குளிர் அறையில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகளின் விதைகள் காப்பில் இருக்கின்றன. அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும்போதெல்லாம் நம் பத்தாயம்தான் ஞாபகம் வருகிறது.

தினப்படி சாப்பாடு? சினிகாங் என்று ஒரு புளிச்சாறு, வாரத்தில் இரண்டு நாள் வைக்கிறேன். பச்சைப் புளியங்காயை வேகவைத்து மசித்து, முள்ளங்கி, கத்தரிக்காய், வெண்டைக்காய், கங்குங் கீரை, பால்கெண்டை மீன். அதற்கு அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைத்தான் விட வேண்டும் என்று நானாய் சொன்னதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நீயும் புளியை அந்தத் தண்ணீரில்தானே ஊறவைப்பாய்! முருங்கைக்கீரைக்கு இவர்கள் மலுங்காய் என்கிறார்கள். வேலியோரம் எல்லா வீட்டிலும் மரம் நிற்கிறது, ஆனால் கீரையை மட்டுமே பறிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் பச்சைப்பயறில் அந்தக் கீரையைப் போட்டுப் பூண்டு தாளித்து ஒரு குழம்பு, அது எல்லா வீட்டிலும் உண்டு. பன்றி இறைச்சி நான் சாப்பிடுவதில்லை என்பதால் நானாய் எனக்கென்று தனியாக ஒரு சட்டியில் வைத்துத் தருகிறார். சென்னாகூனியை உப்பில் ஊறவைத்த பாகோஓங் முதலில் மூக்கைப் பிடிக்க வைத்தது. இப்போது அது இல்லாமல் மாங்காய் இறங்குவதில்லை.

நூடுல்ஸ், லும்பியா, ஆவியில் வேகும் சியோபாவ் எல்லாம் சீனாவிலிருந்து வந்து இவர்கள் வீட்டுச் சமையலாகவே ஆகிவிட்டவை. பிறந்தநாளுக்கு நீளமான பான்சித் நூடுல்ஸ் கட்டாயம், ஆயுசு நீளமாம். அதில் எனக்குப் பிடித்தது தென்னங்குருத்தை வைத்துச் சுருட்டுகிற லும்பியாதான். புயலில் மரம் சாய்ந்த வருஷம் குருத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு அப்பா திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தாரே, அதனால் அதை முதலில் சாப்பிட என்னவோ போல இருந்தது.

காரே-காரே என்று ஒரு குழம்பு இருக்கிறது. பேரைக் கேட்டதும் உனக்குத் தோன்றியதுதான் எனக்கும் தோன்றியது. 1762-இல் மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்த வெள்ளைக்காரப் படை மணிலாவைப் பிடித்தது. அதில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். திரும்பிப் போகாமல் சிலர் காயின்டா என்ற ஊரில் பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்கள் கைப்பக்குவம்தான் இந்தக் குழம்பு என்று ஊர்ப்பேச்சு. வறுத்த வேர்க்கடலையையும் வறுத்த அரிசியையும் அரைத்துவிட்டுக் கெட்டியாக்குகிறார்கள். நான் மாட்டுவாலுக்குப் பதில் வாழைப்பூ, நீளக் காராமணி, கத்தரிக்காய் மட்டும் போட்டு வைக்கிறேன். மிளகாய் கிடையாது, அதனால் நமக்குச் சப்பென்றிருக்கும். ஆனால் அந்தச் சிப்பாய்களை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் கிண்டுகிறேன். கடிதம் போடக்கூட வழியில்லாமல், தெரிந்த ருசியைக் கிடைத்த சாமானில் தேடியவர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பான்டேசால் சுடுகிறேன், சின்னச் சின்ன பன், மேலே ரொட்டித்தூள் ஒட்டியிருக்கும். சூடாகக் காப்பியில் தோய்த்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். இங்கே எல்லா கேக்கிலும் பன்னிலும் போடுகிற ஊதா நிற ஊபேயைப் பார்த்துவிட்டு, "இது எங்கட இராசவள்ளியெல்லோ!" என்று கத்திவிட்டார். மறுநாள் அதைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் களியாகக் கிண்டிக் கொண்டுவந்தார். நானாயும் அதே கிழங்கில் ஹாலாயா கிண்டியிருந்தார். இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டோம். யாருடையது எது என்று கடைசியில் கிண்ணத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

பொங்கலுக்கு நான் வர முடியாது, அம்மா. லீவு கேட்டுப் பார்த்துவிட்டேன். இங்கேயே பொங்கல் வைக்கப் போகிறேன். நானாய் பானை தருகிறார், வெல்லத்துக்குப் பதில் இவர்களுடைய கறுப்புச் சர்க்கரை. மஞ்சள் கொத்துக்குத் தோட்டத்திலேயே செடி இருக்கிறது.

அடுத்த மாதம் திருச்சியிலிருந்து ஒருவர் வேலைக்குச் சேர வருகிறார். அவரிடம் ஒரு கிலோ கவுனரிசி கொடுத்துவிடு, அத்தையிடம் கேட்டால் நல்லதாகப் பார்த்து அனுப்புவார்கள். சித்தி வீட்டில் பழைய மூங்கில் குழாய் சும்மா கிடந்தால் அதையும். நானாய்க்கு நான் செய்து காட்ட வேண்டும்.

அப்பாவை மழையில் வயலுக்குப் போக வேண்டாம் என்று சொல். அப்பாயிக்கு என் முத்தம்.

உன் மகள்,
செல்வி