கிளேஸ் மென்பொருளில் கணக்குப் பிழை: திருத்தம், பணம் திருப்பித் தருதல், இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்:
ஸ்டோன்வேர் மட்பாண்டக் கூட உரிமையாளர்,
புதுச்சேரி அருகில், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: நாங்கள் பதிவு செய்யும் மூலப்பொருள்களுக்குத் தங்கள் மென்பொருள் தவறான கிளேஸ் கணக்குக் காட்டுவது, அதனால் ஏற்பட்ட சேதம், ‘உணவுக்கு உகந்தது’ என்ற பச்சைக் குறியை நீக்கக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மட்பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸின் கலவையைக் கணக்கிடும் தங்கள் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா 9,600 ரூபாய் கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். போனில் பேசி விற்றவர் நல்ல தமிழில்தான் விற்றார், ஆகவே புகாரும் தமிழிலேயே வருகிறது. உங்கள் சாட் பெட்டியில் எழுதியவற்றுக்கெல்லாம் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் போட்டு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். அதனால் இதை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புகிறேன்.

முதலில், உங்களிடம் ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, இந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் எரிக்கும் மட்பாண்டம்) செய்யும் சின்னச் சின்னக் கூடங்கள் நிறைய வந்துவிட்டன. கிளேஸில் கலக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் எங்களுக்கு ராஜஸ்தானிலிருந்து வரும். குவார்ட்ஸ், சைனா கிளே என்ற வெள்ளைக் களிமண், வைட்டிங் என்ற சுண்ணாம்புக்கல் பொடி எல்லாம் விருத்தாசலம், சென்னை வியாபாரிகளிடம் மூட்டைக் கணக்கில் வாங்குவோம். மூட்டைக்கு மூட்டை சரக்கு மாறும். போன வருஷம் கண்ணாடியாக உருகிய கிளேஸ் இந்த வருஷம் அதே கிராம் கணக்கில் கலந்தாலும் மங்கலாக வரும். அதனால்தான் கிராமை விட்டுவிட்டு ஆக்ஸைடு கணக்குக்குப் போக வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்மன் செகர் 19-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துக் கொடுத்த முறை அது. கிளேஸை உருகவைக்கும் உருக்கிகளான கால்சியம், பொட்டாசியம், சோடியம், மெக்னீசியம் ஆக்ஸைடுகளின் கூட்டுத்தொகையை 1 என்று வைத்து, அதற்கு அலுமினா எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று பார்ப்பது.

இந்தக் கணக்குக்கு டிஜிட்டல்ஃபயரின் இன்சைட் மென்பொருள் இருக்கிறது. கிளேசி என்ற இணையதளம் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டையும் தள்ளிவிட்டு உங்களுடையதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உங்கள் விளம்பரத்தின் இரண்டு வாக்குறுதிகள்: இணையம் இல்லாமலும் ஓடும், ‘இந்திய மூலப்பொருள்கள் அனைத்தும் உள்ளே’. முதலாவது உண்மை, அதை மறுக்கவில்லை. சூளைக் கொட்டகையில் சிக்னல் கிடைக்காத எங்களுக்கு அது பெரிய விஷயம்தான். இரண்டாவதைத் திறந்து பார்த்தால் ‘இந்தியன் ஃபெல்ட்ஸ்பார்’ என்று ஒரே ஒரு வரி. எந்தச் சுரங்கம், சோடா (சோடியம்) வகையா பொட்டாஷ் (பொட்டாசியம்) வகையா, எதுவும் கிடையாது. மீதியெல்லாம் அமெரிக்கச் சரக்கு. கலிபோர்னியாவின் கெர்ஸ்ட்லி போரேட் என்ற கனிமத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கேட்டதற்கு, "உங்கள் சப்ளையர் தரும் ஆய்வறிக்கையை நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்" என்றார்கள். சரி என்று அப்படியே செய்தேன். பிழை இருப்பது அந்த இடத்தில்தான்.

ஆய்வறிக்கையில் எல்.ஓ.ஐ. என்று ஒரு வரி இருக்கும். சூட்டில் ஆவியாகிப் போகும் எடை அது. வைட்டிங் கால்சியம் கார்பனேட் என்பதால் 100 கிராமில் 44 கிராம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும், மிஞ்சுவது 56 கிராம் கால்சியம் ஆக்ஸைடு. சைனா கிளேயில் 14 கிராம் போல நீராவியாகப் போகும். டோலமைட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நான் வைட்டிங்குக்கு 56 என்றும் எல்.ஓ.ஐ. 44 என்றும் பதிந்து ‘சேமி’ அழுத்தினேன். திரும்பத் திறந்தால் கால்சியம் ஆக்ஸைடு 100 என்று நிற்கிறது, எல்.ஓ.ஐ. கட்டம் காலி. ஆக்ஸைடுகளை மட்டும் கூட்டி அதையே நூறு சதவீதமாக உங்கள் மென்பொருள் மாற்றிக்கொள்கிறது. அறிவிப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

இதை நீங்களே சரிபார்க்கலாம். ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச் பெயரில் எல்லா ஊரிலும் புழங்கும் 4-3-2-1 கிளேஸை எடுத்துக்கொள்ளுங்கள்: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, வைட்டிங் 20, சைனா கிளே 10. உங்கள் பட்டியலில் முன்பே இருக்கும் வைட்டிங்கைப் போட்டால் பொட்டாசியம் ஆக்ஸைடு 0.26, கால்சியம் ஆக்ஸைடு 0.74, அலுமினா 0.41, சிலிக்கா 3.71 என்று வருகிறது. சரியான விடை. அதே வைட்டிங்கை, அதே எண்களோடு, புதுப் பொருளாகப் பதிந்து போட்டால் பொட்டாசியம் 0.17, கால்சியம் 0.83, அலுமினா 0.26, சிலிக்கா 2.35. பொருள் ஒன்று, விடை இரண்டு. 20 கிராமைக் கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடையான 100-ஆல் வகுத்து 0.2 மோல் என்று எடுக்க வேண்டிய இடத்தில், கால்சியம் ஆக்ஸைடின் எடையான 56-ஆல் வகுத்து 0.357 என்று எடுத்திருக்கிறது. பிளஸ் டூ வேதியியல் படித்த பிள்ளை ஒரு தாளில் போட்டுவிடும் கணக்கு இது. இன்சைட்டிலும் கிளேசியிலும் அதே எண்களைப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் தாளில் போட்ட கணக்கோடு ஒத்துப்போகின்றன.

எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவில் தப்பியிருந்தால்கூட விகிதம் கெடாது, பிழைத்துப்போயிருப்போம். ஃபெல்ட்ஸ்பாரிலும் குவார்ட்ஸிலும் எல்.ஓ.ஐ. அநேகமாக இல்லை என்பதால் அவை சரியாகவே நிற்கின்றன. வைட்டிங்கும் டோலமைட்டும்தான் பெரிதாக ஊதிப்போகின்றன, புதிதாகப் பதிந்தால் சைனா கிளேயும் கொஞ்சம் ஊதும். விளைவு: கிளேஸில் சுண்ணாம்பு ஏகமாக இருப்பதாகத் திரை சொல்கிறது. ‘இலக்குக்குப் பொருத்து’ பட்டனை அழுத்தினால் 20 கிராம் வைட்டிங்கை 11-க்குச் சற்று மேல் என்று குறைத்துக் கொடுக்கிறது. அதைக் கலந்தால் உண்மையில் கிடைப்பது உருக்கி குறைந்து, சிலிக்கா 5.5, அலுமினா 0.6 ஆகிவிட்ட கிளேஸ். கோன் 10-ல் (கோன் என்பது சூளைச் சூட்டின் அளவு) அது எப்படி முழுதாக உருகும்?

உருகவில்லை. சோதனை ஓடுகள் வெள்ளை வெளேரென்று, விரல் வைத்தால் சொரசொரவென்று வந்தன. போட்டோவோடு உங்கள் சப்போர்ட்டுக்கு அனுப்பினேன். கணக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், "மென்பொருளில் பிழை இல்லை, உங்கள் சூளையில் சூடு போதவில்லை, ஒரு கோன் ஏற்றி எரித்துப் பாருங்கள்" என்று எழுத்திலேயே பதில் வந்தது. எங்களுடையது கேஸ் சூளை. ஓடுகளுக்காக மட்டும் அதைத் தனியாக எரிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது, ஆர்டர் கோப்பைகளோடு சேர்த்துத்தான் எரிப்போம். உங்கள் சொல்லை நம்பி ஒரு கோன் ஏற்றினோம். உங்கள் கணக்கில் கலந்த கிளேஸ் அப்போதும் முழுதாக உருகவில்லை. பக்கத்துத் தட்டில் இருந்த செலடான் (இளம்பச்சைக் கிளேஸ்) கோப்பைகளில், வருஷக்கணக்காக ஒழுங்காக இருந்த கிளேஸ், அடிவரை வழிந்து சிலிக்கான் கார்பைடு தட்டோடு ஒட்டிக்கொண்டது. உளி வைத்துத் தட்டியபோது கோப்பையின் அடிப்பாகம் தட்டிலேயே தங்கிவிட்டது, இரண்டு தட்டுகளில் விரிசல். ஒரு காபிக் கடைக்குக் கொடுக்க வேண்டிய ஆர்டர் அது. தட்டு விலை, கேஸ் செலவு, ரத்தான ஆர்டரின் பில் எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கின்றன.

பணக் கணக்கு அவ்வளவுதான். அதைவிட எனக்குக் கோபம் வரவழைத்தது உங்கள் பச்சை டிக்.

கிளேஸ் சேமித்ததும் மூலையில் ‘உணவுக்கு உகந்தது’ என்று ஒரு பச்சைக் குறி வருகிறது. எதை வைத்து அதைப் போடுகிறீர்கள் என்று எங்கேயும் எழுதவில்லை. பார்த்தவரை, ஈயமும் காட்மியமும் இல்லை என்றால் டிக் விழுகிறது. சந்தேகத்தில் ஒரு மேட் (பளபளப்பில்லாத) கிளேஸைப் பதிந்து பார்த்தேன்: பேரியம் கார்பனேட் தாராளமாக, மேலே தாமிரக் கார்பனேட் 5 சதவீதம். எலி மருந்தாகப் பயன்பட்ட பேரியத்தைப் போட்டும் பச்சை டிக்! அதே கிளேஸ் பூசிய ஓட்டில் எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்து எடுத்தால், துண்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது. நிறம் போனது எங்கே? எலுமிச்சைக்குள். நம் வீடுகளில் ஜாடி வாங்குகிறவர்கள் அதில் போடுவது பிஸ்கட் இல்லை. எலுமிச்சை ஊறுகாய், நார்த்தங்காய், புளிக்காய்ச்சல் போட்டு மாதக்கணக்கில் வைப்பார்கள். கிளேஸிலிருந்து உலோகம் கசிகிறதா என்பதை எரித்து முடித்த பாத்திரத்தை அமிலத்தில் ஊறவைத்து ஆய்வகத்தில் அளந்துதான் சொல்ல முடியும். செய்முறைக் குறிப்பைப் பார்த்து எந்த மென்பொருளும் சொல்ல முடியாது. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் அந்த டிக்கை நம்பி விற்றுவிட்டால் யார் பொறுப்பு?

‘விரிசல் விழாது’ என்ற குறியும் இதே ரகம்தான். கிளேஸில் மயிரிழை விரிசல் விழுவதும் விழாததும் அடியில் இருக்கும் மண்ணையும் பொறுத்தது. மண்ணைப் பற்றி எதுவும் கேட்காமலே தீர்ப்பு சொல்கிறது உங்கள் மென்பொருள்.

சந்தாவை ரத்து செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நான் பதிந்த செய்முறைகளை வெளியே எடுக்க எக்செல் கோப்பாகவோ வேறு எப்படியோ வசதி கிடையாது, ஒவ்வொன்றாகத் திரையைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். சந்தா முடிந்த மறுநாள் அதுவும் பூட்டிக்கொள்ளும் என்று விதிமுறையில் பொடி எழுத்தில் இருக்கிறது. என் கிளேஸ் உங்கள் சொத்தா?

ஆகவே எல்.ஓ.ஐ. கணக்கைத் திருத்தி, ஏற்கெனவே பதிந்த பொருள்களின் எண்கள் மாறியிருக்கின்றன என்று எல்லாச் சந்தாதாரருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். திருத்தம் வரும் வரை ‘இலக்குக்குப் பொருத்து’ பட்டனை நிறுத்தி வையுங்கள். உணவுக்கான பச்சைக் குறியை உடனே எடுத்துவிடுங்கள், இதற்கு அடுத்த வெர்ஷன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. என் செய்முறைகள் முழுவதையும் திறக்கக்கூடிய கோப்பாகத் தர வேண்டும். சந்தாத் தொகை 9,600 ரூபாயையும், உங்கள் சப்போர்ட் எழுதிக் கொடுத்த யோசனையால் வந்த சேதத்துக்கு இணைப்பிலுள்ள பில்களின் தொகையையும் திருப்பித் தர வேண்டும். சந்தாவை நீட்டித்துத் தருகிறோம், கூப்பன் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். "நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை" என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்த வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. வழக்கை நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடவும் அதே சட்டம் இடம் தருகிறது.

கையால் போட்ட கணக்குத் தாள், இரண்டு விடைகளும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகள், ஓடுகள், தட்டுகளின் புகைப்படங்கள், சப்போர்ட்டுடன் நடந்த கடிதப் போக்குவரத்து, பில் நகல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஒட்டிப்போன தட்டுகளை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் யாராவது வந்து பார்ப்பதானால் ஞாயிறு தவிர எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)