டிரையாஸ் செடிக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருவப் பகுதி சூடாகி வருவதைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல விஷயம், தொடர்ந்து போடுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பனிக்கரடி படம், சரிந்து விழும் பனிப்பாறை படம், அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. சமீபத்தில் வந்த கட்டுரை ஒன்றில் துருவத்தை ஒட்டிய மரமில்லாத நிலமான தூந்திராவைப் புல் பூண்டுகூட முளைக்காத நிலம் என்றே எழுதிவிட்டார்கள். அது தவறு. அங்கே பூக்கிற புதர்ச்செடிகளே இருக்கின்றன, அதில் ஒன்றைப் பற்றியாவது வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

டிரையாஸ் என்று பெயர், ரோஜா குடும்பத்தைச் சேர்ந்தது. புதர் என்றதும் இடுப்பளவு உயரத்தை நினைக்காதீர்கள். பாய் விரித்த மாதிரி தரையோடு தரையாகப் படரும், பூக்காம்பைச் சேர்த்தாலும் ஒரு சாண் வந்தால் அதிகம். கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட், ஐஸ்லாந்து, ஆல்ப்ஸ், ராக்கி மலைகள் என்று குளிர் உள்ள இடமெல்லாம் இருக்கிறது. அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் கடல் மட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்கிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் 2004-ல் இதைத் தேசிய மலராகத் தேர்ந்தெடுத்தார்கள். கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களுக்கோ 1957-லிருந்தே இதுதான் அதிகாரபூர்வ மலர்.

இலையைக் கவனித்தாலே இது எப்படிப் பிழைக்கிறது என்று புரிந்துவிடும். விரல் நுனி அளவுதான் இருக்கும், மேல்பக்கம் கரும்பச்சையாகத் தடித்துச் சுருக்கம் விழுந்திருக்கும், திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று அடர்ந்த ரோமம், ஓரங்கள் அந்தப் பக்கமாக மடங்கியிருக்கும். காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இவ்வளவும். காய்ந்த இலைகள் பல வருடம் உதிராமல் தண்டைச் சுற்றியே கிடந்து குளிரைத் தடுக்கின்றன. தண்டு ஒரு வருடத்தில் சில மில்லிமீட்டர்தான் நீளும், ஆனால் நூறு வயதைத் தாண்டிய செடிகள் உண்டு.

பூ இன்னும் அதிசயம். பெரும்பாலும் எட்டு இதழ், வெள்ளை நிறம், கிண்ண வடிவம். கோடையில் அங்கே சூரியன் மறையாமல் வானத்தையே சுற்றி வரும் இல்லையா, பூவும் அதன் கூடவே முகத்தைத் திருப்பிக்கொண்டே போகும். இதழ்கள் வெயிலைக் குவித்து நடுவில் அனுப்புவதால் பூவின் உள்ளே வெளிக்காற்றைவிடச் சில டிகிரி சூடு கூடுதலாக இருக்கிறது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் இதை அளந்த பீட்டர் கெவன் 1975-ல் ஆய்வை வெளியிட்டார். ஈக்களும் கொசுக்களும் அந்தச் சூட்டில் குளிர்காய வந்து உட்காரும், அப்படியே மகரந்தமும் இடம் மாறும். விதைகளும் அந்தச் சூட்டில்தான் நன்றாக முற்றுகின்றன.

சரி, பருவநிலைச் செய்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் முடிந்து உலகம் சூடாகிக்கொண்டிருந்த நேரத்தில், வட அட்லாண்டிக்கைச் சுற்றியுள்ள நிலமெல்லாம் திடீரென்று மறுபடியும் உறைபனிக் குளிருக்குத் திரும்பியது, ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. அந்தக் காலத்தை விஞ்ஞானிகள் 'இளைய டிரையாஸ்' என்றுதான் அழைக்கிறார்கள். டென்மார்க்கிலும் சுவீடனிலும் பழைய ஏரிக் களிமண்ணைத் தோண்டியபோது மரங்கள் நின்ற காலத்து அடுக்குக்கு மேலே இந்தச் செடியின் இலைகள் அழுகாமல் கிடைத்தன. மரம் போய் டிரையாஸ் வந்திருக்கிறதென்றால் குளிர் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். பனிப்பாறைகள் உருகிய நன்னீர் கடலில் கலந்து, வெப்பத்தை வடக்கே கொண்டுபோகும் நீரோட்டம் தளர்ந்ததே காரணம் என்பதுதான் பலரும் ஏற்கிற விளக்கம். முடிவும் படிப்படியாக வரவில்லை. கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே பல டிகிரி சூடு ஏறிவிட்டதைப் பனி அடுக்குகள் காட்டுகின்றன. பூமியின் தட்பவெப்பம் எப்போதுமே மெதுவாகத்தான் மாறும் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இன்றைய நிலைமை கவலையாகவே இருக்கிறது. வடகிழக்கு கிரீன்லாந்தின் சாக்கென்பெர்க் ஆய்வு நிலையத்தில் 1996 முதல் இந்தப் பூக்களையும் அவற்றைத் தேடி வரும் பூச்சிகளையும் கணக்கெடுத்து வருகிறார்கள். கோடை சூடாகச் சூடாகப் பூக்கும் காலம் சுருங்கிக்கொண்டு வருகிறது, பூவுக்கு வரும் ஈக்களும் குறைந்திருக்கின்றன என்று 2013-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சூடு கூடினால் செடிக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பனி சீக்கிரம் உருகி எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் பூத்து ஓய்ந்துவிட்டால், அதற்கப்புறம் வரும் பூச்சிக்கு என்ன இருக்கும்? போதாததற்கு உயரமான வேறு புதர்கள் வடக்கே பரவுகின்றன. தரையோடு கிடக்கும் செடிக்கு நிழல்தான் எமன்.

என் கோரிக்கை சின்னதுதான். அடுத்த முறை துருவத்தைப் பற்றிச் செய்தி போடும்போது பனிக்கரடிக்குப் பக்கத்தில் இந்தப் பூவின் படத்தையும் போடுங்கள். மாணவர் பக்கத்தில் இளைய டிரையாஸ் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்தால் இன்னும் நல்லது, பள்ளிப் பிள்ளைகளுக்கே புரிகிற விஷயம்தான் அது. அப்புறம், 'புல் பூண்டுகூட முளைக்காத நிலம்' என்று வந்ததற்கு ஒரு திருத்தமும் வெளியிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நீண்டகால வாசகர்